முட்டைக்கு ஒரு வாக்கியம்

இன்றைக்கும் யாரிடமாவது ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் என் வலது மணிக்கட்டு தானாகத் திரும்பிக்கொள்ளும். எதையோ மெல்லப் புரட்டி வைப்பது போல இருக்கும். பேங்கில், ரயில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில், ஆஸ்பத்திரியில் என்று எங்கேயும் இதே கூத்துதான். என் மனைவி பக்கத்தில் இருந்தால், "பாத்து, முட்டை ஒடைஞ்சிடப் போவுது" என்று சொல்லிச் சிரிப்பாள். நான் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டது கோழி முட்டைகளைத் திருப்பிக்கொண்டே. எதிரே நின்று என்னோடு பேசியவர் ஒரு கொரியாக்காரர். எங்கள் இரண்டு பேருக்குமே அந்தப் பாஷை சரியாக வராது.

அப்போது பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. பாகூரில் மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடு எழுதுகிற குமாஸ்தா நான். எனக்கு முப்பத்தாறு வயது. என் பிரெஞ்சுக் கையெழுத்தைத் துரைமாரே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. புதிதாக வந்த மேலதிகாரி கடலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். பதிவேட்டை இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதினா இன்னும் அழகா இருக்கும்" என்றார். அடுத்த மாதமே சொல்லிவிட்டார்கள். பதிவேட்டு மேசையில் உட்கார வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு வேலை போகாது, மேசை போய்விடும். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதுதான்.

எனக்கு ஆங்கிலம் எழுத வரும். புத்தகம் வைத்து நானே படித்தது. தங்கள் சமூகத்துக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்கிற மாதிரிக் கடிதமெல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். ஒருநாள் மேலதிகாரிக்கு இளநீர் வெட்டி நீட்டியபோது ஆங்கிலத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, "பிளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்ட்" என்று சொல்லிவிட்டேன். இத்துடன் இணைத்திருக்கிறேன், பெற்றுக்கொள்ளவும் என்று அர்த்தம். அவர் இளநீரைக் குடிக்க முடியாமல் சிரித்தார். ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கோபமாக வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள்தான் கொரியாக்காரர் என் மேசைக்கு வந்தார். பண்டசோழநல்லூர் போகிற பாதையில் நெல்லும் கரும்பும் வைத்திருந்த ஒரு பண்ணைக்காரர், வெள்ளைச் சீமைக் கோழிகளை வாங்கி வளர்க்க ஆரம்பித்திருந்தார். அவருடைய மருமகன் பட்டாளத்தில் இருந்தவர். கொரியாவில் சண்டை ஓய்ந்தபோது கைதிகளைக் காவல் காக்க இந்தியாவிலிருந்து போன படையில் அவரும் போனார். அந்தக் கைதிகளில் சிலர் வடக்குக்கும் போகமாட்டோம், தெற்குக்கும் போகமாட்டோம் என்று சொல்லி, இந்தியாவுக்குக் கப்பலேறி வந்துவிட்டார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறகு கடல் தாண்டித் தென்னமெரிக்கப் பக்கம் போனார்கள். என் மேசைக்கு வந்த இவரையும் அனுப்பியிருப்பார்கள். நெஞ்சில் நிழல் தெரிகிறது என்று டாக்டர் தடுத்துவிட்டார். நெஞ்சு தேறியதும் கோழி வளர்ப்புக் கற்றுக்கொண்டு, மருமகன் சொல்லி அந்தப் பண்ணைக் கோழிகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

ஊரில் அவருக்குச் சப்பான்காரர் என்று பெயர். முதல் மாதம் முழுக்க, ஜப்பான் இல்லை, கொரியா என்று ஒவ்வொருவரிடமும் திருத்திக்கொண்டிருந்தார். அப்புறம் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

என் மேசையில் ஒரு காகிதத்தை வைத்து, "சைன். குயிக்" என்றார். இந்த ஊரில்தான் குடியிருக்கிறார் என்று சான்று கேட்கிற காகிதம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிகிறதா என்று பிரெஞ்சில் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோபம் புரிந்தது. விறைப்பாக நின்று இடுப்பு வரை குனிந்தார், நிமிரவே இல்லை. எனக்கு என்னவோ போலாகி, பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பூராவும் கைதி முகாமில் காவல்காரர்கள் வாயிலிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நில், வரிசையில் நில், எண்ணு, சீக்கிரம், வாயை மூடு. ஆங்கிலமென்றால் மரியாதையாகப் பேசுவதே இப்படித்தான் போல என்று நினைத்திருக்கிறார், பாவம். அவரிடம் இருந்தது கட்டளை. என்னிடம் இருந்தது விண்ணப்பம். நடுவில் மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்கிற பேச்சு எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

எங்களைச் சேர்த்துவைத்தவர் பண்ணைக்காரர்தான். "நீ இன்னான்னா பேச ஆளில்லன்னு பொலம்பற. அவன் இன்னான்னா பேசவே வரலன்னு பொலம்பறான். ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பொலம்புங்கப்பா, இங்கிலீசுல" என்றார்.

கொரியாக்காரருக்கு ஆங்கிலம் எதற்கு என்பதையும் பண்ணைக்காரரே சொன்னார். முகாமில் இவரோடு ஒரே பாயில் படுத்திருந்த நண்பர் ஒருவர் தென்னமெரிக்காவில் ஒரு நாட்டில் தக்காளி பயிரிட்டுக்கொண்டிருந்தார். நீ வா, உனக்கு ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கே போக வேண்டுமென்றால் மதராஸில் அந்த நாட்டுக்காக ஆள் பார்க்கும் அதிகாரி முன்னால் நேரில் போய்ப் பேச வேண்டும். இவர் பாஷை தெரிந்த ஆள் மதராஸில் யாரும் கிடையாது. ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். அதிகாரி வேண்டாமென்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு சாத்தியதுதான். சொந்தமென்று சொல்லிக்கொள்ள அந்த நண்பரைத் தவிர அவருக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு மனிதர் கிடையாது. என் மேசை போவதும் அதுவும் ஒன்றல்ல என்று எனக்கே தெரிந்தது.

மேரி மூடியதும் சைக்கிளை மிதித்து ஐந்து மணிக்குப் பண்ணைக்குப் போவேன். அது முட்டை திருப்புகிற நேரம். மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில் குஞ்சு பொரிக்கிற பெரிய மரப்பெட்டி ஒன்று அங்கே இருந்தது. உள்ளே நூற்றைம்பது முட்டைகள். தாய்க்கோழி அலகால் புரட்டிவிடுகிற மாதிரி, ஒரு நாளைக்கு மூன்று தடவை கையால் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். திருப்பியது எது, திருப்பாதது எது என்று தெரிய முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கொரியாக்காரர் நின்ற இடத்தில் நின்று சும்மா பேசுகிற ஆள் இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். அவர் ஒரு முட்டையைத் திருப்பிக் கேள்வி கேட்பார், நான் அடுத்த முட்டையைத் திருப்பிப் பதில் சொல்ல வேண்டும். பெட்டி முடிகிறவரை ஆங்கிலம்தான், வேறு பாஷை கூடாது.

முதல் சில நாட்கள் நான் பதிலை மனதுக்குள் பிரெஞ்சில் எழுதி, ஆங்கிலத்துக்கு மாற்றி, முன்னும் பின்னும் மரியாதை சேர்த்து, அதற்குப் பிறகு வாயைத் திறப்பேன். முட்டை அதுவரை என் கையிலேயே இருக்கும். அவர் என் கையையே பார்ப்பார். "மிஸ்டர், எக் கோல்ட்" என்பார். முட்டை ஆறுகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டதும் எனக்குப் பதறிப்போகும். ஒரு குஞ்சைக் கொல்லப்போகிறோமே என்கிற பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லி முட்டையை வைத்துவிடுவேன். வாயில் வந்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எத்தனையோ வருஷம் புத்தகம் செய்யாததை அந்த இரண்டு வார்த்தை செய்தது.

அவருக்கு நான் கொடுத்தது நீளம். "கிவ் மீ பிரிஞ்சால், நவ்" என்று கத்தரிக்காய் கேட்டவரைத் தயவுசெய்து என்கிற வார்த்தையைச் சேர்க்க வைத்தேன். கடைத்தெருவுக்குப் போவது, டாக்டரிடம் காட்டுவது, பஸ்ஸில் இடம் கேட்பது என்று ஒவ்வொரு நாளும் ஒரு வேஷம். வீராம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவாக நான் ஒருநாள் பேசினேன். நான் குரலை உயர்த்தியதும் அவர் மிரண்டுபோய்க் கூடையோடு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வானிலை பற்றிப் பேசுவதுதான் ஆங்கிலேயர் வழக்கம் என்று நான் படித்திருந்தேன். அந்தப் பாடம் இரண்டு முட்டைக்கு மேல் ஓடவில்லை. "டுடே ஹாட். டுமாரோ ஹாட். ஃபினிஷ்" என்று சொல்லி முடித்துவிட்டார். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

சந்தோஷமான நாட்கள் அவை. மேரியில் வாய் செத்துக் கிடந்தவன் ஐந்து மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட ஒருத்தரோடு பேச இப்படிச் சைக்கிளை மிதித்ததில்லை என்று என் மனைவி கேலி செய்வாள்.

புதுச்சேரியில் நான் வாங்கிவந்த பேச்சுப் புத்தகத்தில் வழியில் ஒருவரைச் சந்திப்பது என்று ஒரு பாடம் இருந்தது. ஒருநாள் அதை எடுத்தோம். முட்டையைத் திருப்பிக்கொண்டே நான் முதல் வரியைக் கேட்டேன். "வேர் ஆர் யூ கோயிங்?" எங்கே போகிறீர்கள் என்கிற கேள்வி.

அவர் கையிலெடுத்த முட்டையைத் திருப்பாமலே வைத்தார். வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கோபமா, உடம்புக்கு முடியவில்லையா என்று தெரியவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. மிச்ச முட்டைகளை நானே திருப்பி, விளக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவராகவே சொன்னார். அவர் சொன்ன துண்டு துண்டான ஆங்கிலத்தை நான் சேர்த்துச் சொல்கிறேன். முகாமில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். கைதிகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். எங்கே போக விரும்புகிறாய்? அவருடைய அம்மா வடக்கே இருந்தார். அங்கே போனால் எதிரியிடம் பிடிபட்டவன் என்று இவரைச் சும்மா விடமாட்டார்கள். தெற்கே ஒருவரும் இல்லை. இரண்டும் வேண்டாம் என்றார். மறுபடி கேட்டார்கள். நன்றாக யோசித்துச் சொல் என்று மறுபடி கேட்டார்கள். கடைசியில் வேறு நாடு என்று அவர் சொன்ன அன்று, அம்மாவை வேண்டாமென்று எழுதிக்கொடுத்த மாதிரி இருந்ததாம்.

வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வேகத்தில் என்னையும் திட்டினாள். "கெளம்பற ஆளப் பாத்து எங்கப் போறேன்னு கேட்டா எவனுக்குத்தான் புடிக்கும்? நம்ம வூட்டுலயே யாராச்சும் கேக்கறமா? தூரமான்னு கேக்க வேண்டியதுதானே. உங்க இங்கிலீசுக்கு இது கூடத் தெரியாதா?" என்றாள்.

அவள் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம். வெளியே புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். தூரமா என்பார்கள். எவ்வளவு தூரம் போகிறவரும், இதோ பக்கத்தில்தான், வந்துவிடுவேன் என்பார். மறுநாள் நான் அந்தப் பாடத்தை அடித்துவிட்டு இதை ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தேன். "ஃபார்?" "ஜஸ்ட் நியர். ஐ வில் கம்." அவருக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. ஏரிக்கரையில் எதிரெதிரே சைக்கிளில் வரும்போது ஒருவர் தூரமா என்று கேட்க, மற்றவர் பக்கத்தில்தான் என்பார். கரும்பு வண்டிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வேறு நாட்டுக்குப் போகக் கேட்கிற ஒருவரிடம் அந்த அதிகாரி எந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதைத்தான் நான் அடித்துவைத்தேன். வழக்கம், இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் என் தேர்வு அவருடைய பேட்டிக்கு மூன்று மாதம் கழித்து இருந்தது. அவர் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன் என்கிற எண்ணமும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

பண்ணைக்காரரின் மருமகனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் தனியாக மதராஸுக்கு பஸ் ஏறினார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உடம்பு எப்படி, என்ன வேலை தெரியும், ரயிலில் வந்தாயா பஸ்ஸிலா என்று அதிகாரி கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லியிருக்கிறார். அதிகாரிக்கே சந்தோஷம். பிறகு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. எங்கே போக விரும்புகிறாய்? இவருக்குக் கண் முன்னால் கூடாரமும் மேசையும் வந்துவிட்டன. வாய் மட்டும் தானாகத் திறந்து, நாங்கள் பழகியதைச் சொல்லியிருக்கிறது. பக்கத்தில்தான், வந்துவிடுவேன். அதிகாரி இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டார். இன்னொரு தடவையும் அதே பதில். இந்த ஆளுக்குப் போகவேண்டுமா வேண்டாமா என்றே தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு, ஆறு மாதம் கழித்துத் தெளிவாக வா, உனக்குப் பொறுப்பேற்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா, அதுதான் கடைசி என்று அனுப்பிவிட்டார்.

இதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. இன்னும் ஆறு மாதம் இருப்பார். அதற்கடுத்த நொடியே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்ததும் சொல்லிவிட்டேன். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்காமல் இருந்தேன், நீங்கள் போகக் கூடாது என்றும் நினைத்தேன் என்று ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன். முட்டை ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. என் கையிலிருந்து முட்டையை வாங்கி அவரே திருப்பி வைத்தார். மூன்று முட்டை சும்மா திருப்பினார். பிறகு, கேள்வி வரும் என்று தனக்கும் தெரியும் என்றார். நீங்கள் கேட்காதது எனக்கும் சுகமாக இருந்தது, இனிமேல் தினமும் கேளுங்கள் என்றார்.

தினமும் கடைசி முட்டைக்கு அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டோம். அதைக் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். முதல் வாரம் பதிலே இல்லை. அடுத்த வாரம், தெரியாது என்றார். ஒருநாள், "ஷட் அப்" என்று காவல்காரன் குரலில் கத்தினார். கோழிகளெல்லாம் ஒரு நிமிஷம் சத்தத்தை நிறுத்திவிட்டன. எனக்கும் பொறுக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் தமிழ் கூடாது என்கிற சட்டத்தை மறந்து, "எனக்கு மட்டும் இன்னா ஆசையாடா இதக் கேக்கணும்னு?" என்று பதிலுக்குக் கத்தினேன். அவர் முட்டையை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, மறுபடி கேளுங்கள் என்றார்.

கேட்டேன். "மை ஹவுஸ்" என்றார். என் வீட்டுக்கு.

அது முடியாதே என்று நான் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அதிகாரியும் அதைத்தான் சொல்வார். சொன்னேன். முடியாது, ஆனால் அதுதான் பதில் என்றார். நாலைந்து நாள் அதே இடத்தில் நின்றோம். வேறு எதைச் சொன்னாலும் அம்மாவை மறுபடி விட்டுக்கொடுத்த மாதிரி அவருக்கு இருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாக்கியத்தை நான் கொடுக்கவில்லை, அவர் கட்டியது. என் வீட்டுக்குப் போக விரும்புகிறேன். முடியாது. என் நண்பனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அங்கே போக விரும்புகிறேன். இதைச் சொல்லிவிட்டு முட்டையை வைத்தார்.

அதற்குள் என் தேர்வு வந்துபோனது. மேசைக்கு எதிரே மூன்று பேர் உட்கார்ந்து என் வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன். ஒருவர் நடுவில், கையில் ஏதாவது வலியா என்று கேட்டார். மணிக்கட்டு திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. தேறிவிட்டேன் என்று தெரிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் பண்ணைக்குத்தான் போனேன். அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார். என் மேசையில் நான் ஓய்வு பெறுகிறவரை உட்கார்ந்தது அந்த மனிதரால்தான். என் பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அந்த மேசைதான். அன்று அதையெல்லாம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எந்தப் பாஷையில் சொல்லியிருப்பேனோ தெரியாது. இப்போது தமிழில் சொல்கிறேன். அவருக்கு நான் கடமைப்பட்டவன். அவர் போகட்டும் என்று முதலில் நினைக்காமல் இருந்தவன் என்பதால் இன்னும் அதிகமாகக் கடமைப்பட்டவன்.

ஆறு மாதம் முடிந்ததும் பொறுப்பேற்கிற ஆளாக நானே அவரோடு மதராஸ் போனேன். அந்த அலுவலகத்தில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உடம்பு, வேலை, பயணம் எல்லாம் ஆனது. பிறகு அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். எழுந்து போய்க் கதவருகில் நின்றுவிட்டேன்.

அவர் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக, அவசரமில்லாமல், நாலும் சொன்னார். பிறகு அதிகாரி கேட்ட குரல் மாறியிருந்தது. உனக்குப் பொறுப்பேற்க யாரையாவது கூட்டி வந்திருக்கிறாயா என்றார். வந்திருக்கிறார் என்றார் இவர். அவர் உனக்கு என்ன வேண்டும்?

இந்தக் கேள்வியை நாங்கள் ஒருநாளும் பழகியதில்லை. பண்ணையில் என்னை மிஸ்டர் என்பார், வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நண்பர் என்பார், குமாஸ்தா என்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "மை பிரதர்" என்றார்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு, பாகூர் வெயிலில் காய்ந்த கறுப்பு உடம்பு. அவரையும் பார்த்தார். இவர் உங்கள் சகோதரரா என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

நான் பதிவேடு எழுதுகிறவன். பதினான்கு வருஷமாக ஒரு உறவைக்கூட மாற்றி எழுதியதில்லை. சித்தப்பா மகனைக் கூட்டிவந்து அண்ணன்தான் என்று சாதிக்கிறவர்களை, கூடப் பிறந்தவரா என்று கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்காக ஊரில் என்னைத் திட்டாத ஆள் இல்லை.

"யெஸ், சார்" என்றேன். கூடவே, எனக்கு இளையவர் என்றும் சொன்னேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. மறுபடியும் கேட்கவில்லை. காகிதத்தில் உறவு என்று இருந்த இடத்தில் நிதானமாக எழுதினார். என் பக்கம் அதைத் திருப்பிவைத்துப் பேனாவைக் கொடுத்தார். அவர் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கப்பலுக்கான காகிதம் ஒரு மாதத்தில் வரும் என்றார்.

இரண்டு பேரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். உச்சி வெயில். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, கோழிப் பண்ணை ஆட்கள் பேசுகிற தமிழில், "பசிக்குதுண்ணே" என்றார்.